சிமிட்டியும் சரளையும்: ராம்கிங்கர் பைஜின் சிற்பப் பரிசோதனை

ராம்கிங்கர் பைஜைப் பற்றி இதுகாறும் எழுதியவர்களில் பெரும்பாலோர், மேனாட்டுக் கியூபிசத்தின் உருவச் சிதைவையும் சாந்தால் பழங்குடி மக்களின் எளிய வாழ்க்கையையும் ஒருங்கே பொருத்திய வித்தகர் என்று அவரை ஒரே வாக்கியத்தில் வருணித்துவிட்டு, அதன் பின்னர் அவருடைய கட்டற்ற வாழ்க்கைமுறையிலும், மழைக்காலத்தில் ஒழுகும் குடிசைக் கூரையைத் தம் எண்ணெய் வர்ணச் சித்திரங்களைக் கொண்டே அடைத்தார் என்பது போன்ற கர்ணபரம்பரைக் கதைகளிலும் லயித்துப் போய்விடுகிறார்கள். அந்த வருணனை பொய்யன்று. ஆயினும் அது போதாது. ககனேந்திரநாத தாகூர் 1920களின் தொடக்கத்திலேயே கியூபிசத்தின் கோணங்களை நீர்வர்ணச் சித்திரங்களில் கையாண்டு பார்த்துவிட்டார். சாந்தால் ஆண்களையும் பெண்களையுமோ, சாந்திநிகேதனத்துச் சைத்திரிகர் பலரும் வரைந்தவண்ணமே இருந்தனர். ஏற்கெனவே கைக்கெட்டும் தூரத்தில் இருந்த இரண்டு வஸ்துக்களைக் கலந்த மாத்திரத்தில் ஓர் அபூர்வம் பிறந்துவிடும் என்றால், அவரைப் போன்ற சிற்பிகள் பத்துப் பேராவது அக்காலத்தில் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை என்பதே, காரணத்தை வேறிடத்தில் தேடவேண்டும் என்பதற்குப் போதிய சான்று. ராம்கிங்கரின் பரிசோதனை உருவத்தில் தொடங்கியதன்று. எதைக் கொண்டு செய்வது, அதை எங்கே நிறுத்துவது என்னும் கேள்விகளில் தொடங்கியது. உருவத்தில் நாம் காணும் புதுமை அக்கேள்விகளுக்கு அவர் கண்ட விடையின் விளைவே என்பதும், அந்தக் காரணத்தினாலேயே அவருடைய செல்வாக்கை அவரைப் போலச் செய்தவர்களிடத்தில் தேடுவது வீண் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

அவர் பிறந்தது 1906ஆம் ஆண்டு, மேற்கு வங்காளத்துப் பாங்குரா நகரில், நாவிதத் தொழில் செய்துவந்த ஓர் ஏழைக் குடும்பத்தில். கல் கிடைப்பது அரிதாகிய அப்பிரதேசத்தில், மல்ல அரசர்கள் விஷ்ணுபுரத்தில் எழுப்பிய கோயில்கள் சுவர் முழுவதும் சுடுமண் சிற்பங்களால் நிறைந்தவை. பாஞ்ச்முரா என்னும் ஊரின் சுடுமண் குதிரைகளும் அந்த மாவட்டத்தவையே. பிள்ளைப் பருவத்தில் அண்டையிலிருந்த விக்கிரகத் தொழிலாளரிடம் களிமண் பிசையக் கற்றதும், நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை எழுதியதும், ஒத்துழையாமை இயக்கத்தின்போது தலைவர்களின் படங்களைத் தீட்டியதும் அவருடைய முதற் பயிற்சி. அதே பாங்குராவில் பிறந்தவரும் ‘மாடர்ன் ரிவ்யூ’ பத்திரிகையின் ஆசிரியருமான ராமானந்த சட்டோபாத்தியாயர் இந்த இளைஞரின் திறமையைக் கண்டு சாந்திநிகேதனத்துக்கு வழிகாட்ட, 1925இல் ராம்கிங்கர் அங்குள்ள கலைப்பள்ளியாகிய கலாபவனத்தில் நந்தலால் போஸிடம் மாணவராகச் சேர்ந்தார். சிற்பம் கற்பிக்க அங்கே முறையான ஆசிரியர் அப்போது இல்லை. சில காலம் வந்து தங்கிய லீஸா ஃபான் பாட், பிரெஞ்சுச் சிற்பி பூர்தெல்லின் மாணவியாகிய மார்கரெட் மில்வர்டு ஆகிய ஐரோப்பியப் பெண்மணிகளிடம் அவர் சில நுணுக்கங்களைக் கற்றார். ஆசிரியரில்லாத இந்த நிலையை ஒரு குறையாகவே சரித்திரக்காரர் குறிப்பிடுகின்றனர். எனக்கோ அது பாக்கியமாகவே படுகிறது.

ஏனெனில், அக்காலத்து அரசாங்கக் கலைப்பள்ளிகளில் சிற்பம் என்று பயிற்றுவிக்கப்பட்டது, கவர்னர்களுக்கும் மகாராஜாக்களுக்கும் சலவைக்கல்லிலும் வெண்கலத்திலும் சிலை எடுத்துத் தரும் ஒரு கைத்தொழிலேயாகும். அதில் சிற்பியின் விரல் களிமண்ணோடு நின்றுவிடும். களிமண்ணிலிருந்து பிளாஸ்டர் வார்ப்பு, பிளாஸ்டரிலிருந்து வெண்கல வார்ப்பு என்று அடுத்தடுத்துப் பிறர் கைகளைக் கடந்து சிலை வெளிவரும்போது, முதல் ஸ்பரிசத்தின் சூடு பெரும்பாலும் ஆறிப்போயிருக்கும். அதற்கு ஆகும் செலவோ, யாரேனும் ஒருவர் முன்பணம் கொடுத்தாலன்றித் தொட முடியாதது. முன்பணம் கொடுப்பவர் தம்மை அல்லது தம் தகப்பனாரையே செய்யச் சொல்வார். சாந்திநிகேதனத்தில் கேட்பாரும் இல்லை, கொடுப்பாரும் இல்லை. சுற்றிலும் இருந்தது செம்புரை பூமி. மழைநீர் அரித்துச் சென்ற ஓடைப்பள்ளங்களில் செந்நிறச் சரளைக்கல் அள்ள அள்ளக் குறையாமல் கிடந்தது. சிமிட்டியோ, கட்டட வேலைக்கென்று ஆசிரமத்துக்கு எப்படியும் வந்துகொண்டிருந்த சரக்கு.

இவ்விரண்டையும் கலந்து சிலை செய்யலாம் என்று துணிந்ததே ராம்கிங்கரின் ஆதிப் பரிசோதனை. செய்முறையைச் சற்று விரிவாகக் கூறவேண்டும். வாதம் முழுவதும் அதைப் பற்றியே நிற்கிறது. முதலில் இரும்புக் கம்பியால் ஓர் எலும்புக்கூடு கட்டி நிலத்தில் ஊன்றப்படுகிறது. அதன்மேல் சிமிட்டியும் மணலும் சரளையும் சேர்ந்த சாந்து, கையாலும் கரணையாலும் வீசியும் அப்பியும் ஏற்றப்படுகிறது. அச்சு இல்லை, வார்ப்பு இல்லை, நகல் எடுக்கும் உதவியாளர் இல்லை. சாந்து இறுகுவதற்குச் சில மணி நேரமே அவகாசம். இறுகியபின் களிமண்ணைப் போலத் திருப்பிப் பிசைந்து திருத்தவும் முடியாது, சலவைக்கல்லைப் போல இழைத்து மெருகேற்றவும் முடியாது. அங்க நுட்பங்களையும் முகபாவத்தின் சூட்சுமங்களையும் இந்தப் பொருள் ஏற்காது. பெரிய தளங்களையும், முறியும் கோணங்களையும், வேகத்தையும் மட்டுமே ஏற்கும். கியூபிசத்தின் சாயல் என்று விமரிசகர் காணும் அந்தக் கரடுமுரடான தளங்களில் ஒரு பகுதியேனும், பாரிஸிலிருந்து வந்த புத்தகங்களைவிடச் சாந்து இறுகும் வேகத்துக்கே கடமைப்பட்டது என்று சொன்னால் அது மிகையாகாது. அவர் அப்புத்தகங்களைப் பார்க்கவில்லை என்று நான் சொல்லவில்லை. பார்த்ததை ஏற்கும் ஸ்வபாவம் அந்தப் பொருளிடத்தில் முன்னமே அமைந்திருந்தது என்றே சொல்லுகிறேன்.

1935இல் மரங்களின் நடுவே அவர் எழுப்பிய நெடிய பெண்ணுருவம் இம்முறையின் முதற் பெரும் பலன். அதன் தலையில் ஒரு பாத்திரத்தை வைக்கலாம் என்று நந்தலால் போஸ் யோசனை கூற, புத்தருக்குப் பாயசம் கொண்டுசெல்லும் சுஜாதையாக அது ஆகிவிட்டது என்பர். அதைக் கண்ட ரவீந்திரநாதர் சிற்பியை அழைத்து, ஆசிரமம் முழுவதையும் இத்தகைய உருவங்களால் நிரப்பிவிடும்படி சொன்னதாக ஒரு வழக்கும் உண்டு. பின்னால் நடந்தது அதற்கு இசையவே இருக்கிறது.

இங்கே தமிழ் வாசகர் ஓர் ஆட்சேபணை எழுப்பக்கூடும், எழுப்பவும் வேண்டும். நம் கோபுரங்களில் தளத்துக்குத் தளம் நெருங்கி நிற்கும் தேவர்களும் துவாரபாலகர்களும், செங்கல்லின்மேல் சுண்ணச் சாந்து ஏற்றிய சுதை வேலையே அல்லவா? கொத்தனாரின் சரக்கைக் கொண்டு உருவம் சமைப்பது இந்நாட்டுக்குப் பழக்கமானதொன்றாயிருக்க, வங்காளத்துச் சிற்பி ஒருவர் 1935இல் அதைச் செய்ததில் புதுமை என்ன? கேள்வி நியாயமானது, செய்முறையில் உறவு இருப்பதும் உண்மையே. ஆனால் சுதையின் தர்மம் வேறு. அது சுவரைச் சார்ந்தது. கீழிருந்து அண்ணாந்து பார்ப்பவனுக்காக, ஒரு பக்கத்தை நோக்கிச் செய்யப்படுவது. கடைசியில் மெல்லிய சாந்து பூசி மழுக்கி, வர்ணம் தீட்டி, உள்ளே இருக்கும் செங்கல்லும் கரடும் கண்ணுக்குத் தெரியாதபடி மறைத்துவிடுவதே அதில் கைதேர்ந்தவனின் பெருமை. ராம்கிங்கர் மறைப்பை நீக்கினார். சரளையின் ஒவ்வொரு பரலும் தெரியும்படி மேனியைத் திறந்தே விட்டார்; சுவரின் துணையின்றி வெட்டவெளியில், எப்பக்கமும் சுற்றிவந்து பார்க்கும்படி நிறுத்தினார். அந்த உருவம் எந்த மண்ணில் நிற்கிறதோ அந்த மண்ணின் கல்லாலேயே ஆனது என்பதைப் பார்ப்பவன் யாரும் சொல்லாமலே உணர்கிறான். சுதை வேலைக்காரன் அறிந்திருந்த ஒரு செய்முறை, இவ்வாறு அவன் கருதியிராத ஒரு பொருளுக்குக் கருவியாயிற்று.

1938இல் முடிந்த ‘சாந்தால் குடும்பம்’ இக்கருவியின் பூரணப் பிரயோகம். ஊர் விட்டு ஊர் பெயரும் ஒரு குடும்பம், மனித அளவினும் பெரிதாக, ஆண் ஒருவன் தோளில் காவடித் தண்டு சுமந்து நடக்கிறான், தொங்கும் கூடையிலே குழந்தை, பக்கத்தில் மனைவி, காலடியில் நாய். கதை இவ்வளவே. இதில் வீரம் இல்லை, சோகம் இல்லை. எதையும் விளக்கும் அபிநயமும் இல்லை. நடை மட்டும் இருக்கிறது. காவடியின் இருபுறப் பாரமும் அவன் இடுப்பில் வந்து சமனாகும் விதத்தையும், அந்தச் சமன் குலையாதிருக்க அவன் அடி எடுத்துவைக்கும் விதத்தையும் அறிந்த ஒருவரே அந்தத் தண்டைச் செய்திருக்க முடியும். சுமை தூக்குகிறவனின் உடல் எப்படி யோசிக்கிறது என்பதைப் பற்றிய ஒரு சாஸ்திரமே அங்கு இருக்கிறது எனலாம்.

அதைக்காட்டிலும் முக்கியமாக, இச்சிற்பத்துக்கு உயர்ந்த பீடம் கிடையாது. பீடம் என்பது வெறும் கட்டடப் பகுதியன்று. மேலிருப்பவன் வணங்கத் தக்கவன், கீழிருப்பவன் வணங்க வேண்டியவன் என்னும் ஓர் ஏற்பாட்டின் ஸ்தூல வடிவம் அது. தேவர்களுக்கு அது பொருந்தும். கவர்னர்கள் அதை அபகரித்துக்கொண்டார்கள். நகர்ப்புறச் சிலைகளில் வைஸ்ராய் குதிரைமேல் எத்தனை உயரத்தில் இருந்தாரோ, அத்தனை உயரத்திலிருந்தே இந்தியச் சிற்பம் அக்காலத்தில் ஜனங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. ராம்கிங்கரின் குடும்பமோ ஏறத்தாழ நாம் நடக்கும் தரையிலேயே நடக்கிறது. வேலை முடிந்து வீடு திரும்பும் சாந்தால் பெண் அதைக் கடந்து போகும்போது, ஒரே பாதையில் செல்லும் இரண்டு வழிப்போக்கர் எதிர்ப்படுவதுபோல இருக்கும். யாரும் கேட்காமல், யாரும் விலை கொடுக்காமல், யாருடைய நினைவுக்காகவும் அல்லாமல், பொதுவெளியில் எழுந்த முதல் நவீன இந்தியச் சிற்பம் என்று இதை ஆராய்ச்சியாளர் கூறுவது தகும்.

இந்த வேற்றுமை எத்தகையது என்பதை அறிய, சென்னை வாசகர் தாம் நன்கு அறிந்த ஒரு சிற்பத்தை நினைத்துக்கொள்வது நலம். மெரினாக் கடற்கரையில் 1959இல் நிறுவப்பட்ட ‘உழைப்பாளர் சிலை’யைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரியும் வங்காளியே, அவனீந்திரநாத தாகூரிடம் பயின்றவர், 1929 முதல் 1957 வரை சென்னை அரசாங்கக் கலைப்பள்ளியின் தலைமையை வகித்தவர். நான்கு ஆடவர் நெம்புகோல்களால் ஒரு பாறையைப் பெயர்க்க முயலும் அந்த வெண்கலக் கோவையில், புடைத்த தசைநார்களும் வளைந்த முதுகுகளும் ஒரே திசையில் குவியும் சக்தியை எவரும் மறுக்க முடியாது. அதற்கு மூன்றாண்டு முன்பு, 1956இல், ராம்கிங்கர் சிமிட்டியில் செய்த ‘ஆலைச் சங்கு’ம் உழைப்பாளரைப் பற்றியதே. அரிசி ஆலையின் சங்கு ஊதிவிட்டது. இரண்டு சாந்தால் பெண்கள் ஓடுகிறார்கள். ஈரச் சேலை காற்றில் பின்னோக்கிப் பறந்து உலர்கிறது. பின்னால் ஒரு சிறுவன் தொடர்ந்து ஓடிவருகிறான். முன்னதில் உழைப்பு என்பது உடலுக்கும் பாறைக்கும் நடக்கும் யுத்தம். பாறை எங்கிருந்து வந்தது, அதை ஏன் பெயர்க்க வேண்டும், கூலி என்ன என்று எதுவும் அங்கே கேட்கப்படுவதில்லை. உழைப்பு காலத்துக்கு அப்பாற்பட்ட ஒரு தத்துவமாகிவிடுகிறது. பின்னதில் உழைப்புக்கு நேரம் உண்டு. சங்கு ஊதியபின் தாமதித்தால் அன்றைய கூலி போய்விடும் என்பதை அந்த ஓட்டம் சொல்கிறது. குளித்த சேலையை உலர்த்திக்கொள்ளவும் அவர்களுக்கு அவகாசம் இல்லை என்பதைத் துணி சொல்கிறது. அப்படியிருந்தும் அந்தப் பெண்கள் அழுத முகத்தோடு ஓடவில்லை. ஓட்டத்திலே ஒரு துள்ளல் இருக்கிறது. அந்தத் துள்ளலை இரக்கமற்ற அலங்காரம் என்று சிலர் குறை கூறுவதுண்டு. துயரத்தை மட்டும் காட்டும் சிற்பிக்குத் துயரப்படுகிறவரைப் பற்றிப் பாதிதான் தெரியும் என்பது என் கட்சி.

ராய் சௌத்ரியைக் குறைத்துச் சொல்வது இங்கு நோக்கமன்று. வெண்கலமும் உயர்ந்த பீடமும் கொண்டு செய்யத் தக்கதை அவர் செம்மையாகவே செய்தார். அந்த உபகரணங்களை ஏற்றுக்கொண்டவர்க்கு எதைச் சொல்ல முடியும், எதைச் சொல்ல முடியாது என்பதே இந்த ஒப்பீட்டால் விளங்குவது.

அருவச் சிற்பத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1940இல் அவர் செய்த ‘தீபஸ்தம்பம்’ இந்தியாவின் முதல் அருவச் சிற்பங்களுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. ரவீந்திரநாதரின் தலையை அவர் செய்த வடிவங்களில், தாடியும் நெற்றியும் தனித்தனி முகம்போலச் சிதைந்து நிற்பதைக் கண்டு, கவியின் திருமுகத்தை இப்படியா செய்வது என்று முகம் சுளித்தவர்கள் பலர். இவை முக்கியமானவை, ஆனால் இவற்றைப் போன்றவை வேறு நாடுகளிலும் கிடைக்கும்.

இனி, என் வாதத்துக்கு எதிராக வலுவாகக் கூறத்தக்க ஒன்றை எடுத்துக்கொள்வோம். சிமிட்டி அவருடைய தேர்வன்று, வறுமையின் நிர்ப்பந்தம். கையில் பணமும் கல்லும் இருந்திருந்தால் அவரும் கல்லிலேயே செய்திருப்பார். நிர்ப்பந்தத்தைப் பரிசோதனை என்று புகழ்வது பின்னால் வந்தவர்களின் கற்பனை என்பர். இதைச் சோதித்துப் பார்க்கச் சரித்திரமே ஒரு சந்தர்ப்பம் அளித்திருக்கிறது. புதுதில்லியில் ரிசர்வ் வங்கியின் வாயிலுக்கு யக்ஷன், யக்ஷி என இரண்டு மாபெரும் உருவங்கள் செய்யும் பணி 1950களில் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. மதுராவைச் சேர்ந்த பார்க்கம் யக்ஷனையும் பேஸ்நகர் யக்ஷியையும் ஆதாரமாகக் கொண்டு, தொழிலின் செழிப்பை ஆணுருவிலும் வேளாண்மையின் செழிப்பைப் பெண்ணுருவிலும் காட்டுவது கருத்து. காங்க்ராப் பள்ளத்தாக்கிலிருந்து மணற்கல் வெட்டி எடுத்து, இரயிலில் ஏற்றுவதற்கு ஏற்பத் துண்டுகளாக்கி, தில்லியில் சேர்த்துப் பொருத்தி, ஏறக்குறைய 24 அடி உயரத்துக்கு அவை எழுந்து நிற்பதற்குப் பத்தாண்டுக்கு மேலாகிவிட்டது. யக்ஷியின் ஆடையற்ற மேனியைக் குறித்து நாடாளுமன்றத்தில் ஆட்சேபணை எழுந்தது தனிக்கதை. அந்த உருவங்களில் கம்பீரம் இருக்கிறது. புராதன யக்ஷ வடிவத்தின் கனம் அவருக்கு நன்கு வசப்பட்டிருக்கிறது. ஆனால் அவற்றிடம் அவசரம் இல்லை, விபத்து இல்லை. இறுகும் சாந்தோடு போராடிய கையின் துடிப்பு இல்லை. கல்லும் பணமும் உயரமும் வாயிலும் கிடைத்தபோது, ராம்கிங்கர் ஒரு சிறந்த சிற்பியாக இருந்தார். சரளையும் வெறுந்தரையும் கிடைத்தபோது அவர் வேறு எவரும் அல்லாத ஒருவராக இருந்தார். ஆகவே, நிர்ப்பந்தம் என்பது மெய்யே. எல்லா ஏழைச் சிற்பிகளுக்கும் இருந்த நிர்ப்பந்தம் அது. அதிலிருந்து ஒரு மார்க்கத்தை வகுத்தவர் அவர்.

செல்வாக்கைப் பற்றி இனிச் சொல்லவேண்டும். அவருடைய மாணவர்களில் முதன்மையானவராகிய சங்கோ சௌதுரி, 1945இல் குருவோடு நேபாளம் சென்று யுத்த நினைவுச்சின்ன வேலையில் துணைபுரிந்து, அங்கே வெண்கல வார்ப்பின் நுட்பங்களைப் பழகிக்கொண்டவர். பின்னர் பரோடாப் பல்கலைக்கழகத்தின் சிற்பத் துறையைத் தொடக்கத்திலேயே வழிநடத்தியவர். அவருடைய சிற்பங்களோ மெருகேறியவை, சுத்தமான வளைகோடுகளால் ஆனவை, ராம்கிங்கரின் கரடுக்கு நேர்மாறானவை. சங்கோ சௌதுரியிடம் கற்ற ராகவ் கனேரியா கழித்துப்போட்ட இரும்புத் துண்டுகளைப் பற்றவைத்துச் சிற்பமாக்கினார். தமிழ்க் குடும்பமொன்றில் கேரளத்துக் கூத்துபரம்பில் பிறந்து, சென்னைப் பிரசிடென்சி கல்லூரியில் பொருளாதாரம் படித்து, ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கத்தில் சிறை சென்று, 1944இல் சாந்திநிகேதனம் சேர்ந்த கே. ஜி. சுப்பிரமணியன், நந்தலாலையும் வினோத விஹாரி முகர்ஜியையும் ராம்கிங்கரையும் ஒருங்கே குருவாகக் கொண்டவர். அவர் 1963இல் லக்னோ ரவீந்திராலயத்தின் முகப்பில் சுடுமண் ஓடுகளால் அமைத்த நெடிய சுவர்ச்சித்திரத்தில் ராம்கிங்கரின் கோடு ஒன்றையும் காணமுடியாது. இந்த மூவரின் கிருதிகளையும் குருவின் சிற்பத்தோடு அருகருகே வைத்துச் சாயல் தேடுகிறவர், செல்வாக்கே இல்லை என்ற முடிவுக்கு வந்தாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை.

ஆனால் அவர்கள் தொடங்கிய இடத்தைப் பாருங்கள். பட்டறையிலும் சூளையிலும் கொத்தனாரிடத்திலும் கிடைக்கும் எளிய பொருள் கலைக்குப் போதும் என்ற தைரியம். அப்பொருளின் ஸ்வபாவத்தை மறைக்காமல் அதனோடு உடன்பட்டு உருவம் காணும் முறை. கலைக்கூடத்தின் நான்கு சுவர்களை விட்டுப் பொதுவெளிக்கு வரும் துணிவு. இவையே அவர்கள் பெற்ற தாயம். பொருளைக் கேட்டு உருவம் காண் என்று கற்பித்த ஆசிரியரிடம் மெய்யாகவே கற்றவன், வேறு பொருளைக் கையில் எடுத்தவுடன் வேறு உருவத்துக்கே போயாக வேண்டும். ஆசிரியரைப் போலவே செய்பவன் பாடத்தைத் தவறவிட்டவன். கலாபவனத்தில் ராம்கிங்கரைப் பிரதிசெய்து சாந்தால் உருவங்களைச் சிமிட்டியில் எழுப்பியவர்கள் சிலரும் உண்டு. அவற்றைப் பற்றி இங்கே பேசாதிருப்பதே மரியாதை.

எஞ்சியிருப்பது, அவருடைய சிற்பங்கள் இன்று இருக்கும் நிலை. சிமிட்டிக்குள் ஈரம் புகுந்தால் கம்பி துருப்பிடிக்கும், துரு ஏறிய இரும்பு பருத்து, மேலிருக்கும் சாந்தை உள்ளிருந்தே பிளக்கும், சரளை உதிரும். மேனியைத் திறந்தே விட்டதற்கு வங்காளத்து மழை வாங்கும் விலை இது. ‘சாந்தால் குடும்ப’த்துக்கு மேலே இப்போது கூரை போட்டிருக்கிறார்கள். வேறு வழியில்லைதான், எனினும், வெட்டவெளியில் வழிநடக்கும் குடும்பத்தைக் கூரைக்குள் நிறுத்தியதால், பீடமில்லாத அச்சிற்பத்துக்கு ஒரு சந்நிதி கிடைத்துவிட்டது என்பதையும் குறிப்பிடாமல் இருக்க முடியாது. மறைந்துபோகும் பகுதிகளைச் செப்பனிடுகிறவர்கள் புதிய சாந்தை மழுமழுப்பாகப் பூசிவிடாமல், அதே செம்புரைப் பள்ளத்துச் சரளையை, அதே பருமனில் சலித்து, கரணையால் இழைக்காமல் வீசி ஏற்றுவார்களேயானால், கூரையால் வந்த குறை ஓரளவு ஈடாகும். அதற்கு முதலில், அவர் எந்தச் சிற்பத்துக்கு எவ்வளவு சிமிட்டிக்கு எவ்வளவு சரளை சேர்த்தார், கம்பியை எங்கே முடிந்தார் என்பதைச் சிற்பம் சிற்பமாகச் சோதித்து யாரேனும் பதிவுசெய்ய வேண்டும். அவருடைய வாழ்க்கைக் கதைகளைத் தொகுப்பதற்குச் செலவிட்ட உழைப்பில் கால் பங்கு இதற்குப் போதும்.